எயில் ஆட்டத்தில் விழுந்த இரு பகடைகள் குறித்து ஏனாதி கீரனுக்கு விடுத்த ஓலை

வாளினும் ஏர் கூர்மை கொள்க. கன்றிழந்த பசுவின் குரல் எந்நாட்டுத் தெருவிலும் கேளாதொழிக.

ஏழு குன்றங்களுக்கும் உரியவளும் மலைநாட்டு அரியணையில் அமர்ந்திருப்பவளுமான ஆதன்கொற்றி, தன் உடன்பிறந்தானும் மலைநாட்டுப் படைகளின் ஏனாதியுமான கீரனுக்கு, நீலாழிக் கோட்டையின் வடக்கு வாயிலில் அவன் இறங்கியிருக்கும் பாசறைக்கு விடுக்கும் ஓலை. உனக்கும் உன் கொடியின்கீழ் நிற்கும் வீரர்க்கும் நலம் உண்டாகுக. நீ முற்றுகையிட்டிருக்கும் அக்கோட்டைக்குள் பசித்திருப்போர்க்கும் நலம் உண்டாகுக. இவ்வாழ்த்தை எழுத்தர் பிழையென எண்ணற்க. நானே சொல்லி எழுதுவித்தது.

நீ அனுப்பிய கூடை வந்து சேர்ந்தது. சேந்தனுக்கு இது முதற்பலி என்று தூதன் உரைத்தபோது அவையோர் ஆர்ப்பரித்தனர். மூடியைத் திறந்தேன். உப்பிட்டு அடுக்கிய காதுகள் இருந்தன. மேலே கிடந்த ஒன்றில் பாசிமணித் தோடு தொங்கியது. ஏழெட்டு வயதுப் பெண்மக்கள் அணியும் தோடு அது. அதன்பின் அவையில் எவரும் ஆர்ப்பரிக்கவில்லை. கீரா, என் மகன் சேந்தனுக்கு நான் கேட்ட பலி அதுவன்று.

நடந்ததை அறிவேன் என்று நீ எண்ணியிருக்கிறாய். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆகவே முதலிலிருந்து கேள்.

உப்பளத் தீவுக்காக நம் நாடும் நீலாழியும் தலைமுறை தலைமுறையாக வெட்டி மடிந்தது போதும் என்று கருதியே, இனி அதை எயில் ஆட்டத்தால் தீர்ப்பது என உடன்பட்டோம். கருந்திரையில் எழுத்துகளே மதிலாகவும் படையாகவும் நின்று பொருதும் ஆட்டம் அது என்பதை நீ அறிவாய். பகைவன் கணிப்பொறியை எவரும் நம்பார். எனவே அவரவர் பொறியை அவரவர் கொண்டுவருவது எனவும், இரண்டிலும் ஒரே நிரலே ஓடவேண்டும் எனவும் ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் நம் பொறி ஒரு வார்ப்பு, அவர்கள் பொறி வேறு வார்ப்பு. நமக்குத் தைத்த சட்டை அவர்களுக்குச் சேராது. ஆதலால் நம் பொறிமன்றத்துத் தலைவி சாத்தியும் நீலாழியின் நிரலாளரும் ஒன்றாய் அமர்ந்து, நிரலை வரிவரியாகப் படித்து, திரை வரையும் கட்டளைகள் எந்தப் பொறியில் எப்பெயரில் உள்ளன என்று தேடி, இரண்டுக்கும் தனித்தனியே அமைத்துத் தொகுத்தனர். ஒருவர் நகர்வை உரக்கச் சொல்ல, இருவரும் தத்தம் பொறியில் அதையே தட்டுவர். பகடை எங்கிருந்து உருளத் தொடங்குவது என்று குறிக்கும் தொடக்க எண் இரண்டுக்கும் பொது. ஆகவே பகடையும் ஒன்றுபோலவே விழும் என்று எல்லோரும் நம்பினர்.

ஆட்டமண்டபத்தில் நமக்காக அமர்ந்தவன் சேந்தன். அவர்களுக்காக அமர்ந்தவர் நீலாழி அரசனின் சிற்றப்பன் பண்ணன், முதியவர். அவருக்குப் பின்னே அவர் மகன் எயினன் நின்றான். படை நடத்தும் வரை இரு திரைகளும் ஒன்றாகவே சென்றன. பிறகு பண்ணன் மேற்கு மதிலைத் தாக்கினார். அன்றைய ஆட்டத்தில் முதன்முறையாகப் பகடை உருண்டது அப்போதுதான். மதில் விழுந்தது என்றார் அவர். சேந்தன் திரையிலோ மதில் நின்றது.

அங்கே பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன். அங்கிருந்து உயிர் தப்பிய நம்மவர் நால்வரைத் தனித்தனியே விசாரித்தேன், நால்வரும் இவ்வாறே கூறினர்.

"சுவரு நிக்குது. கெழவர் பொய் சொல்றாரு" என்றான் சேந்தன்.

"நான் எதுக்குத் தம்பி பொய் சொல்லணும்? எந்திரிச்சு வந்து என் திரையப் பாரு" என்றார் பண்ணன்.

சேந்தன் எழுந்து போய்ப் பார்த்தான். அவர் திரையில் மதில் விழுந்தே கிடந்தது. அதைக் கண்டதும் பொறியில் வஞ்சம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தான். இடைக்கத்தியை உருவி முதியவரின் தொண்டையில் இறக்கினான்.

ஆம் கீரா, முதலில் குத்தியவன் என் மகன். உன்னிடம் இதை மறைத்தார்கள்.

குருதி விசைப்பலகை மேல் கொப்பளித்தது. தந்தையின் தலை சாயுமுன் எயினன் கோடரியால் சேந்தனின் கழுத்தைப் பிளந்தான். பின்பு இரு பக்கத்துக் காவலரும் பாய்ந்தனர். கதவை யாரோ வெளியிலிருந்து தாழிட்டுவிட, உள்ளே இருந்தவர்க்கு ஓடவும் வழியில்லை. குடல் சரிந்தவன் மேல் வழுக்கி விழுந்தவனை வெட்டினர். பலகைக்கு அடியில் ஒளிந்த எழுத்தரை முடியைப் பிடித்து இழுத்து வெட்டினர். தன்மேல் வீசிய வாளைக் கையால் தடுத்த சாத்தி இரு விரல்களை இழந்தாள். பிணங்களுக்கிடையே பிணமாய்க் கிடந்து பிழைத்தாள். எயினனும் இரு பக்கத்திலும் மிச்சமிருந்த சிலரும் கதவைப் பிளந்து தப்பினர். பொறிகள் இரண்டும் அங்கேயே நின்றன.

குருதியைத் துடைத்து அவற்றை என்முன் கொண்டுவந்தவள் அவளே. சேந்தனும் பண்ணனும் சொன்ன நகர்வுகளை நானே தட்டினேன். நம் பொறியில் மதில் நின்றது, அவர்கள் பொறியில் விழுந்தது. வஞ்சம் கண்டோம் என்று அமைச்சர் எழுந்தார். சாத்தி அவர்கள் பொறியிலிருந்த ஆட்டத்தை முழுவதும் அழித்துவிட்டு, நம் கையிலுள்ள நிரலின் படியிலிருந்தே என் கண்ணெதிரில் மீண்டும் தொகுத்தாள். மீண்டும் மதில் விழுந்தது.

"அம்மா, நிரல் ஒண்ணுதான். ஆனா பகடைய நிரல் உருட்டல. 'நீயே உருட்டிக் குடு'ன்னு பொறிகிட்ட கேக்குது. நம்ம பொறி ஒரு மாதிரி உருட்டும், அவங்க பொறி வேற மாதிரி உருட்டும். தொடக்க எண் ஒண்ணா இருந்தாலும் விழுற எண் வேற. தொகுக்கையில பிழை வருதா, திரை சரியா இருக்கான்னு பாத்தோம். ரெண்டு பகடையையும் பக்கத்துல வச்சு யாருமே பாக்கல" என்றாள்.

அப்படியாயின் ஏமாற்றியவர் யார் என்று கேட்டேன்.

"யாருமே இல்லம்மா."

அச்சொல் கேட்டு என் கை வாளுக்குப் போயிற்று. அவள் தலை கீழே உருள்வதைக் காண விரும்பினேன். எவனாவது ஒருவன் ஏமாற்றியிருக்க வேண்டும் என்று பெற்ற வயிறு கதறிற்று. அவள் நகராமல் நின்றாள், இரு விரலற்ற கையின் கட்டுத்துணியில் செம்மை ஊறிக்கொண்டிருந்தது. வாளை உறையிலேயே விட்டேன்.

இப்போது பகடையை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டாள். இரு பொறிகளிலும் ஒரே எண்கள் விழுகின்றன. இரண்டையும் ஏற்றிக்கொண்டு இவ்வோலையுடன் உன்னிடம் வருகிறாள். முதலில் நீ பார். பிறகு வெள்ளைக்கொடியோடு அவளைக் கோட்டை வாயிலுக்கு அனுப்பு, அவர்களும் பார்க்கட்டும். அவள்மீது கை வைப்பவன் என்மீது வைத்தவன்.

ஆகவே அரியணையின் ஆணை இது. மீனவர் குடியிருப்புகளுக்கு இட்ட தீயை அணை. மரங்களில் தொங்கவிடப்பட்டோரில் உயிருள்ளோரை இறக்கு, உயிரற்றோரை அவர்கள் வழக்கப்படி அடக்கம் செய். முற்றுகையை விலக்கி ஆற்றுக்கு இப்பால் வா. மறுப்பாயெனில், உன் துணைத்தலைவனுக்கு வேறோர் ஓலை சென்றிருக்கிறது. உன்னைத் தளையிட்டுக் கொணர்வான். அதையும் நானே எழுதுவித்தேன், தம்பி. எழுதுவித்துவிட்டு அழுதேன்.

எயினன் உன் கையில் சிக்கியதாகவும், அவனுக்குக் கழுமரம் நட்டதாகவும் சொல்லி அனுப்பியிருந்தாய். தன் தந்தையின் தொண்டையில் கத்தி இறங்கியதைக் கண்ணால் கண்டவன் அவன். அவன் கொன்றது ஒருவனை. நீ ஓர் ஊரையே கொன்றாய். அவன் கட்டை அவிழ்த்து, உண்ணக் கொடுத்து, நீயே உடன் நடந்து அவனை அவர்கள் வாயிலில் சேர்.

என்னிடம் மட்டும் அவனைக் கொண்டுவராதே. அவன் முகத்தைக் கண்டால், இந்த ஆணையை என் கையாலேயே கிழித்துவிடுவேன்.

ஏழு குன்ற இலச்சினை இட்டேன். ஓலை கண்டவுடன் செய்க.