வெறும் வயிற்றில் 118

ஜூன் 10, திங்கள்
கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118. டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "இது இன்னும் சுகர் இல்லமா, எல்லையில நிக்குது. மாத்திரை வேணாம். சாப்பாட்ட மாத்து, நட. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."
எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரையால் இடது கால் கட்டைவிரலை எடுத்தது போன அக்டோபரில். அன்றிலிருந்து அவர் தட்டுக்கு நான்தான் காவல். காவல்காரிக்கே 118 என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 11
எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள்: சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி. டீயில் சர்க்கரை கிடையாது. காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு முட்டையாவது சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றோடு கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றால் பிரேக்கில் கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குள் போகிறது. அப்புறம் — வாயைத் திறக்கும் முன், இது பசியா எரிச்சலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 13
இரண்டு சமோசா. கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஜூன் 17
கேன்டீனில் பரிமாறும் முனியம்மாள் அக்காவிடம் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிக் கேட்டேன். "இன்னாமா, ஒடம்பு சரியில்லியா?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கேட்டார். டயட் என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். பீன்ஸ் தாராளமாகவே விழுந்தது. வீட்டுக்கு வந்து, மூன்று மணிக்கெல்லாம் பசி. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. சமையலறைக்குள் நான்கு முறை போய்வந்தேன்.

ஜூன் 22, சனி
அப்பாவின் தலையணைக்கு அடியில் ஜாம் பன் உறை. கத்தினேன். "ஒரு விரல் போனது பத்தலியா உனக்கு?"
எப்படி வந்தது அந்த வார்த்தை? அப்பா போர்வையை மடித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் ஜெபா மட்டும், "பெத்தவரு கிட்ட இன்னா பேச்சு மெர்சி இது" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 24
சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினான். ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் இறங்கியதும் கால் தானாக பேக்கரிக்குப் போனது. ஹனி கேக். ஒன்று முடிந்து இரண்டாவதைக் கடிக்கும்போது திரும்பினால் — அப்பா. காலைக் காட்ட டாக்டரிடம் வந்தவர், ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார். பார்த்துவிட்டார்.
எங்கள் ஊர் வடக்குப்பட்டு வரைக்கும் ஆட்டோவில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம். இறங்கும்போது கைக்குட்டையை நீட்டினார். "வாய தொடச்சிக்கமா."

ஜூன் 26
கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். நான் திட்டினேனே.

ஜூன் 30, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். 118, சமோசா, கேக், எல்லாமும். ஜெபா ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். அப்பா சொன்னார்: "நீ பாத்துக்கினே நிப்பியா, சோறு எறங்காது மெர்சி. அதான் ஒளிச்சு துன்னேன். நீ எதுக்குமா ஒளிச்ச?"
அழுகைதான் வந்தது. "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "விடு" என்றார்.
முன்பு போட்டதையெல்லாம் தூக்கிப் போடவில்லை. இன்னும் இரண்டு விதி சேர்த்துக்கொண்டோம். அப்பாவுக்குத் தனிச் சமையல் இனி இல்லை. நாலு பேருக்கும், என் மகள் பாப்பா உட்பட, ஒரே கீரை, ஒரே குழம்பு. எவரும் எவர் தட்டையும் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஜூலை 19
கண்ணைக் கட்டுப்படுத்துவது வாயைக் கட்டுப்படுத்துவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இன்று அப்பா இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். எழுந்து போய்த் துணி காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 8
சாயங்காலம் அப்பா வாக்கிங் கிளம்பினார். மெதுவாகத்தான் நடக்கிறார். நானும் செருப்பை மாட்டினேன்.

செப்டம்பர் 14, சனி
109. பெரிதாக ஒன்றும் குறையவில்லை, ஏறவும் இல்லை. இப்படியே போகச் சொன்னார் டாக்டர்.
வெளியே வரும்போது அப்பா போன் செய்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருக்கிறார்.
"மெர்சிமா, ஒரு ஜாங்கிரி துன்னேன். சொல்லிட்லாம்னு தோணுச்சு."
"நல்லா இருந்துச்சாப்பா?"
"சுமாருதான்" என்றார்.