ஐஸ் என்னுடையது, கதவு உங்களுடையது

சேசு மரி சூசை

பாளையங்கோட்டை,
தை மாதம், ஞாயிறு மாலை.

அன்பு மகன் கிங்ஸ்லிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வெயில் ஊரில் நீயும், கனடாவில் அபிஷாவும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்தி விடுகிறேன். நீ வேலை பார்க்கிற புது ஐஸ் ஹாக்கி லீக் நொறுங்கிப் போக வேண்டும் என்று நான் பனிமய மாதாவுக்கு நவநாள் செபம் சொல்வதாகத் தூத்துக்குடியில் உன் ரேமண்ட் சித்தப்பா வீடு வீடாகச் சொல்லி வருகிறாராம். நவநாள் சொல்வது உண்மை. மற்றது அவர் கற்பனை. எட்டு அணிகளோடு ஆரம்பித்துக் கிறிஸ்துமஸுக்குள் ஆறு அணிகளாகி நிற்கிற ஒரு லீக்கை நொறுக்க மாதாவை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், அதை அதன் முதலாளிகளே திறமையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். என் செபம் ஒன்றே ஒன்றுக்குத்தான். அவர்கள் உன் முன்னால் நீட்டியிருக்கிற காகிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. போனில் இதைச் சொன்னால் சரிம்மா பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு வைத்து விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகம் இதைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவாள், காகிதம் தபாலில் பின்னால் வரும்.

கனடாவில் பழைய லீக்கின் அரங்கத்தில் ஐஸ் போடுகிற வேலையில் நீ மரியாதையாக இருந்தாய். அங்கே உன்னைக் கேட்காமல் ஒருவரும் ஐஸ் மேல் கால் வைக்க மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இந்தப் புது ஆட்கள் வந்து தலைமை ஐஸ் பொறுப்பாளர் என்று பெரிய பெயர் கொடுத்ததும் பெண்டாட்டி பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு அமெரிக்காவின் தென்கோடிக்குப் போனாய். போகாதே என்று நான் சொல்லவில்லை, வளர்ந்த மகனுக்கு யோசனை சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை, கேட்டால் மட்டும் சொல்வேன். நீ கேட்கவில்லை. ஆனால் ஐஸ் மேல் ஆடுகிற அணிக்கு அனல்காற்று என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கே எனக்கு அந்தக் கூட்டத்தின் புத்தி தெரிந்து போயிற்று.

ஆட்டம் உங்களுக்குச் சனிக்கிழமை இரவு, எனக்கு ஞாயிறு விடிகாலை. முதல் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த நான் இந்த லீக்கால் இரண்டாம் பூசைக்குப் போகிறவளாகி விட்டேன். மும்தாஜ் அவள் போனிலிருந்து என் டிவியில் படம் வரும்படி செய்து கொடுத்துவிட்டு அவளும் டீத் தம்ளரோடு உட்கார்ந்து விடுவாள். அவள் வீட்டுக்காரர் காஜா முகைதீன் துபாயில் இருப்பதால் அங்கே காலைச் சமையலுக்கு அவசரம் கிடையாது. முதல் ஆட்டத்திலேயே இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒருவன் சட்டையை ஒருவன் தலைக்கு மேல் இழுத்துக் குத்திக்கொண்டார்கள், நடுவர் கை கட்டிக்கொண்டு நிற்கிறார். மும்தாஜ், எக்கா, இவனுவ வெளாடுதானுவளா, பங்காளிச் சண்ட போடுதானுவளா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, டிக்கெட் விற்கிறார்கள் என்று சொன்னேன்.

நான் ஒன்றும் தெரியாமல் பேசுகிறவள் இல்லை. கான்வென்டில் இரண்டு வருடம் ஹாக்கி அணியில் தடுப்பாட்டம் ஆடியவள், கோவில்பட்டிப் பெண்களின் மட்டையடியை முழங்காலில் வாங்கியவள், அந்த முழங்கால்தான் இப்போது வலிக்கிறது. தரையோ ஐஸோ, பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறவன் ஆட்டக்காரன் இல்லை. உங்கள் லீக்கில் ரப்பர் வட்டுக்கு ஆரஞ்சு நிறம் பூசியிருக்கிறார்கள், பழைய லீக்கில் கறுப்பாம், அதனால் இவர்களுக்கு வேறு நிறம் வேண்டுமாம். அது விளக்கு வெளிச்சத்தில் ஆட்டக்காரர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு அணிக்கு உடுப்பு வந்து சேராமல் பயிற்சிச் சட்டையில் எண்ணை ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். பழைய லீக் போதும் என்று அனுப்பி வைத்த ஆட்களைக் கூட்டி வந்து சிங்கம் புலி என்கிறார்கள். பாதிப் பேர் உன் வயது, மூச்சு வாங்குகிறார்கள். கோல் விழுந்தால் கூரையிலிருந்து தீப்பொறி கொட்டுகிறது, ஐஸுக்கு மேலே தீ. இதைப் பார்க்கும்போதெல்லாம் புன்னைக்காயலில் உங்கப்பாவின் ஐஸ் கம்பெனிக்குப் போட்டியாக வந்த கம்பெனிதான் எனக்கு ஞாபகம் வரும். முதல் மாதம் ஐஸ் இலவசம், குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு, வாசலில் சீரியல் பல்பு. ஐஸ் பாரைத் தூக்கி வெயிலில் பிடித்தால் நடுவெல்லாம் பால் மாதிரி வெள்ளை, உறைய நேரம் கொடுக்காமல் எடுத்திருப்பார்கள். மீன் கெட்டது என்று போனால் முதலாளி மதுரையில் இருக்கிறார் என்பார்கள். ஒரு பருவம்தான், அடுத்த வருடம் அந்தக் கொட்டகையில் கருவாடு காய்ந்தது.

இப்போது அந்தக் காகிதம் பிறக்கக் காரணமான ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அங்கே ஐஸ் ஓரத்தில் நின்று பார்த்தது வேறு, நான் இங்கே டிவியில் பார்த்தது வேறு, அதனால் நான் பார்த்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் இடைவேளையில் பின்பக்கப் பெரிய கதவைத் திறந்து ஒரு புதுக் காரை ஐஸ் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், விளம்பரமாம். காருக்கு மேல் நின்று ஒரு பெண் பாடினாள். பாட்டு முழுவதும் கதவு திறந்தே கிடந்தது. ஐஸுக்கு மேல் முழங்கால் உயரத்துக்குப் புகை மாதிரி எழும்பியது. மும்தாஜ் அது மெஷினால விடுத புகை எக்கா என்றாள். ஐஸ் கம்பெனிக்காரனோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியாதா, வெளியிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்து ஐஸைத் தொட்டால் எழும்புகிற மூட்டம் அது. மூலையில் நீ இரண்டு கையையும் ஆட்டிக் கதவைக் காட்டிக் கத்துவதும் தெரிந்தது. சட்டையில் விளம்பர எழுத்து இல்லாத ஆள் நீ ஒருவன்தான், அதனால் உன்னைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒருவரும் உன் பக்கம் திரும்பவில்லை. கார் போனதும், ஐஸ் இறுகுவதற்குப் பொறுக்காமல் ஆட்டத்தைத் தொடங்கி விட்டார்கள். உங்கள் அணியின் நரைத்த தாடிக்காரத் தலைவன் திரும்பும்போது அவன் சறுக்குக் கத்தி மெத்தென்ற இடத்தில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிற்று, கால் திரும்பவில்லை. அவன் போட்ட சத்தத்தில் மும்தாஜ் யா அல்லாஹ் என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

அவனை ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு வரும்போது நீ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாய். அந்த நிலை எனக்குத் தெரிந்தது. உங்கப்பா அப்படித்தான் நிற்பார். ஆனால் டிவியில் பேசுகிறவன் என்ன சொன்னான் தெரியுமா, குளிர்காலமே இல்லாத நாட்டிலிருந்து வந்த நமது ஐஸ்காரர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிற்கிறார் பாருங்கள் என்றான். கூட இருந்தவன் சிரித்தான். கன்னியர்களிடம் இங்கிலீஷ் படித்த ஒருத்தி பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

இப்போது அந்தச் சிரிப்பை லீக்காரர்கள் காகிதமாக்கியிருக்கிறார்கள். ஐஸ் சரியாகத் தயாராகவில்லை, பொறுப்பு என்னுடையது என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். கதவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. போட்டால் சத்தமில்லாமல் அனுப்பி விடுவார்கள், போடாவிட்டால் வழக்கு என்று பயம் காட்டுகிறார்கள். நீ என்னிடம் போனில் சொன்னது இதுதான்: “ஒரு கையெழுத்துதானம்மா. போட்டுட்டுக் கனடாவுக்கே போயிருதேன்.” ரேமண்ட் சித்தப்பாவும் அதையே சொல்கிறார். அண்ணி, அந்நிய நாட்டுல போயி நம்ம வீறாப்பக் காட்ட முடியுமா, கிங்ஸ்லியப் பொழைக்க விடுங்க என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர் வாழ்நாளில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூட இல்லை. அபிஷா கூப்பிட்டு அழுதாள். அவள் சொல்வதை நான் தள்ள மாட்டேன், ராத்திரி வேலைக்குப் போய் வந்து பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறாள், நீ எப்படியாவது வந்து சேர்ந்தால் போதும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அவளிடம் ஒன்றைக் கேட்டேன். ஐஸைக் கெடுத்தவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவனை எந்த அரங்கம் ஐஸ் போடக் கூப்பிடும், அதன் பிறகு கனடாவில் அவன் என்ன வேலை பார்ப்பான் என்று கேட்டேன். அவள், நீங்களே உங்க மகனுக்கு எழுதுங்க அத்தை என்றாள்.

நீ நின்றதற்கு நான் உன்னைக் கோபிக்கவில்லை. மீன் கெட்டுப் போய் வள்ளம் கரைக்கு வந்தால் ஐஸ் கொடுத்தவன் கரையில் வந்து நிற்க வேண்டும், அது நம் கரை வழக்கம். குற்றம் அவனுடையதா இல்லையா என்பது பிறகு, கேட்க வருகிறவர்களுக்கு முகம் காட்ட வேண்டும். மிக்கேல் சம்மாட்டியின் வள்ளம் கெட்ட சீலா மீனோடு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது, நீயும் பள்ளி விடுமுறையில் உங்கப்பா பக்கத்தில் நின்றாய். மிக்கேல் ஒரு மீனைத் தூக்கி உங்கப்பா காலடியில் எறிந்தார். “தொம்மை, ஒன் ஐஸு நடுக்கடல்லயே தண்ணியாப் போச்சுவே. எம் புள்ளையளுக்கு இதையா ஆக்கிப் போட?” என்று கேட்டார். பெண்களும் சேர்ந்து ஏசினார்கள். எல்லாம் ஓயும் வரை உங்கப்பா தலை குனியவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. பிறகு வாயைத் திறந்தார். “ஐஸ் என்னுது மிக்கேலு. ஐஸ் பெட்டி மூடி ஒம்மது. அத எடுத்தாரச் சொல்லும், பாப்போம்.” மூடியைக் கொண்டு வந்தால் அதில் பாதிப் பலகை இல்லை. விறகு நனைந்து போனது என்று வள்ளத்துப் பையன்கள் அதை உடைத்து அடுப்பெரித்துக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். மிக்கேல் தன் ஆட்களைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மறுநாள் காலையில் முதல் ஆளாக ஐஸ் எடுக்க வந்தவரும் அவரே.

அந்த வழக்கத்தில் பாதியைத்தான் நீ அங்கே கொண்டு போயிருக்கிறாய் கிங்ஸ்லி. கரையில் நீ போய் நின்றால் போதும், மிக்கேல் மாதிரி ஒருவர் வந்து முகத்துக்கு நேரே கேட்பார், கேட்டால் சொல்லலாம். அங்கே உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேமராவை நீட்டினார்கள், சிரித்தார்கள், காகிதத்தை அடித்துக்கொண்டு வந்தார்கள். நீயோ யாராவது கேட்பார்கள் என்று இன்னும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அந்தக் கூட்டத்துக்கு ஐஸும் தெரியாது, ஆட்டமும் தெரியாது, ஒரு மனுஷனிடம் நடந்தது என்ன என்று கேட்கக்கூடத் தெரியாது. கேட்கத் தெரியாதவனுக்குக் காத்திருக்காதே. கேட்காமலே சொல். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உன் காகிதத்தை நீ எழுது. ஐஸ் என்னுடையது, கதவு உங்களுடையது, கதவைத் திறந்தது யார், மூடச் சொல்லி நான் கத்தியபோது மூடாதது யார், ஐஸ் இறுகும் முன்னே ஆடச் சொன்னது யார் என்று வரிசையாக எழுது. ஊர் முழுவதும் பார்த்த படம் அது, நான் பார்த்தது மற்றவர்கள் கண்ணிலும் பட்டிருக்கும். வழக்கென்றால் வழக்கு. அந்தத் தாடிக்காரனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாயா. பார்க்காவிட்டால் முதலில் அங்கே போ, லீக் அலுவலகத்துக்குப் பிறகு போகலாம். கால் போனவன் அவன், மிக்கேலின் இடம் அவனுடையது. அவன் உன்னை ஏசினால் ஏசட்டும், கேட்டுக்கொள், பிறகு கதவைப் பற்றிச் சொல்.

இங்கே வேறு விசேஷம் அதிகமில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் மார்கழிக் காற்றில் வாழை நிறையச் சாய்ந்து விட்டதால் சந்தையில் நல்ல தார் கிடைக்கவில்லை. பொங்கலுக்கு எதிர்வீட்டார் கொடுத்த கரும்பைக் கடிக்கப் பல் இல்லாமல் மும்தாஜுக்குக் கொடுத்தேன், அவளும் தனக்குப் பல் கூச்சம் என்றாள், இரண்டு கிழவிகளும் பார்த்துக்கொண்டே இருந்தோம். உங்கப்பாவின் நினைவுப் பூசை விபூதிப் புதனுக்கு முந்தின வாரம் வருகிறது, அன்றைக்கு நீயும் அங்கே கோயிலுக்குப் போ. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள், டிவியிலேயே வெடிப்புத் தெரிகிறது. அபிஷாவைத் தினமும் கூப்பிடு, வேலை விவரத்தை அவளிடம் மறைக்காதே.

பனிமய மாதா உன் கையையும் நாவையும் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்ததாக நினைத்துக்கொள். அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்ல வேண்டாம். உன் கையால் காகிதத்தில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு உன் அம்மா,
பவுலின் தொம்மை