யுவராஜின் ஆவிக்கு விதிகள்

எழிலரசியை வேலைக்கு ஏற்றிப்போகும் செய்யார் கம்பெனி பஸ் வரும் நேரம். கணவன் சுதாகர் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவனை எழுப்பாமல், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

“சாம்பார் அடுப்பு மேல இருக்குது. சாவிய பக்கத்து வூட்ல குடுத்துட்டு போங்க. பட்டுக்கடையில வேல முடிச்சிகினு வரும்போது பால் வாங்கிகினு வாங்க. விளையாட வர்றவங்களுக்கு டீ போடணும்.”

பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடமெடுத்துக் கதை வளர்க்கும் விளையாட்டு அது; சுதாகரும் நண்பர்களும் இந்த வீட்டில் கூடி ஆடுவார்கள். போன மாதம் பைக் விபத்தில் இறந்த அவள் தம்பி யுவராஜ் அதில் ஒரு வீரனாக ஆடிவந்தான். அந்த வீரனை இனி ஆவியாக வைத்து ஆடலாம் என்று சுதாகர் நேற்று சொன்னான். “செத்தவன வெச்சி விளையாட்டா?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். அழுகை அப்போதும் வரவில்லை. இப்போது அதே தாளில் மேலும் எழுதினாள்.

“ராத்திரி ரூல் புக்க படிச்சேன். ஆவி சுவத்துக்குள்ள பூந்து போவும், கத்தி படாது, எதையும் தூக்க முடியாதுன்னு போட்டிருக்குது. சரி, வெச்சிக்கோங்க.”

தெருமுனையில் ஹாரன் அடித்தது. மிச்சமிருந்த ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

“ஆவி பேசலாம்னும் இருக்குது. அவன் பேச்ச நீங்க யாரும் பேசாதீங்க. நானே வந்து பேசறேன். எனக்கு ஆடச் சொல்லிக் குடுங்க.”