கயிறு கட்டிய சகுனம்

மார்ச் 3, திங்கள்
என் பூனை மிளகு (மி.) இனி கயிறில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. சொன்னவர் வீட்டு ஓனர் பாஷா பாய். காலை 7.40, நேரில். மீறினால் பூனை போக வேண்டும், இல்லாவிட்டால் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

காரணம்: எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் புளியில் பூனை அசிங்கம் பண்ணிவிட்டதாம். புகார் கொடுத்தவர் அந்த வீட்டுப் புளி வியாபாரி பழனிசாமி.
"நீங்க பாத்தீங்களா பாய்?"
"நான் பாக்கலீங்கம்மா. தெருவுல வேற யாரு வூட்டுல பூனை இருக்குது?"
முப்பத்தொரு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். இந்த ஆதாரத்தில் அரை வரி எழுத மாட்டேன். ஆனால் வாடகை வீடு. சரி என்றேன். காபி நீட்டினேன். "நோன்புங்க" என்றார். அதை மறந்ததற்கு என் மேலேயே எரிச்சல்.

வாங்க: நெத்திலிக் கருவாடு, பேனா, குளியலறை பல்பு.

மார்ச் 5, புதன்
ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ஹார்னஸ். குட்டி நாய்க்கானது. கழுத்துக்கு ஒரு வார், நெஞ்சுக்கு ஒரு வார், முதுகில் கயிறு மாட்டக் கொக்கி. கடைக்காரருக்கு ஒரே சிரிப்பு. "பூனைக்கு வாக்கிங்குங்களா? அடுத்தது கோழிங்களா?"

மாட்டியதும் மி. பக்கவாட்டில் சாய்ந்தது. உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி. கருவாடு காட்டியும் எழவில்லை. பத்து நிமிடம். கழற்றினேன். எழுந்தது, சோம்பல் முறித்தது, பால் குடிக்கப் போனது. நடிப்பு.

மார்ச் 11, செவ்வாய்
ஆறு நாள். வீட்டுக்குள் நடக்கிறது. வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது கூடாது. தினமும் இரண்டு முறை சரிபார்ப்பு. நாளை தெரு.

மார்ச் 12, புதன்
காலை 6.20. மி. வயிறு தரையில் உரச, சுவரோரமாக. நான் பின்னால், கருவாட்டுப் பொட்டலத்தோடு. இருபதடி நல்லபடியாக.

பழனிசாமி பைக்கை உதைத்தார். கம்பைநல்லூருக்குப் புளி பார்க்கக் கிளம்புகிறார். மி. குறுக்கே போனது. இறங்கினார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வந்தார். மறுபடி உதைத்தார். சத்தத்தில் மிரண்டு மி. திரும்பவும் குறுக்கே, இந்தப் பக்கம். மறுபடி செருப்பு, மறுபடி தண்ணீர்.

அவர் மனைவி சரோஜா வாசலில் நின்று: "முன்னெல்லாம் அது தானா குறுக்க போச்சு, போவுதுன்னு உட்டோம். இப்ப நீங்க புடிச்சு ஓட்டியாந்து உடறீங்களேக்கா!"
"கயிறு கட்டச் சொன்னதே உங்க வூட்டுக்காரர் குடுத்த புகாராலதான்."
"கட்டத்தான சொன்னாங்க? தெருவுல ஊர்கோலம் உடச் சொன்னாங்களா?"

மி.யைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். இப்போது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான்கு பதில்கள் வருகின்றன.

மார்ச் 13, வியாழன்
பாஷா பாய் போன், 11.15. நேற்று பழனிசாமி பேசி வைத்த புளி வேறொருவர் கைக்குப் போய்விட்டதாம். பூனைதான் காரணமாம். "கயிறு கட்டுனது வேணும்னே செஞ்சதுங்கறாங்கம்மா."
"கயிறு கட்டச் சொன்னது நீங்க. மூணாந்தேதி, காலை ஏழு நாப்பது."
"நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களா?"
"ஆமா."
"நாளைக்கு வெள்ளிக்கெழம தொழுதுட்டு நேர்ல வர்றேன். முடிவு சொல்லிடறேன்."

பூனை அவிழ்ந்திருந்தால் குற்றம். கட்டியிருந்தால் பெரிய குற்றம். புளி கைநழுவியது அவர் தாமதமாகப் போனதால், தாமதத்துக்குக் காரணம் இரண்டு சொம்புத் தண்ணீர். இதை யாரும் எழுத மாட்டார்கள்.

மாலையில் மி. நெஞ்சில் வார் அழுந்திய தடம். பாவமாக இருந்தது. ஒரு துளை தளர்த்தினேன்.

மார்ச் 14, வெள்ளி
பழனிசாமி கிளம்புமுன் முடித்துவிடலாமென்று 5.40க்கே இறங்கினேன். பூனை வருமுன் போய்விடலாமென்று அவரும் 5.40க்கே. தெருவில் நாங்கள் இருவர் மட்டும். ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

பைக் உறுமியது. மி. பின்வாங்கியது. முன்காலை மடக்கி, தலையை உருவி, மூன்றே நொடி. கையில் வெறும் ஹார்னஸ். விரல் வைத்துப் பார்க்கவில்லை. எதையும் இரண்டு முறை சரிபார் என்று இத்தனை வருடம் எல்லோருக்கும் சொன்னவள்.

ஓடிப் புகுந்த இடம் எதிர்வீடு. புளி மூட்டைகளுக்குப் பின்னால். நான் படியேறுவதற்குள் சரோஜா கதவைச் சாத்தினார்.
"தெறக்க மாட்டேங்க்கா. அவுரு போறப்ப அது மறுக்கா குறுக்க வரும். போய்ட்டு வரட்டும், தெறக்கறேன்."
"பயந்து கெடக்குது சரோஜா. தண்ணியாவது வெய்யி."
"வெக்கறேன், வெக்கறேன். மொதல்ல நீங்க படிய உட்டு எறங்குங்க."

பழனிசாமி பைக்கில் உட்கார்ந்தபடி: "ஏனுங்க ரிப்போர்ட்டரம்மா, ஜன்னல் வழியா வந்துருமுங்களா?"
"உறுதியா சொல்ல முடியாது."
போகாமல் ஐந்து நிமிடம் ஜன்னலையே பார்த்தார். பிறகு போனார்.

8.10. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவே இரண்டு கண். உயிரோடு இருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, தொடவில்லை.

கதவு திறப்பது பழனிசாமி திரும்பியதும், பதினொரு மணி வாக்கில். பாஷா பாய் வருவது இரண்டு மணிக்கு. ஹார்னஸ் மடியில். ஒரு துளை இறுக்கியாகிவிட்டது.