பட்டுப்புழு வரிசைக்குப் பின்னால்

அன்புள்ள ஸ்டெல்லா, குறுக்கே பேசாமல் ஒரு முறையாவது நான் சொல்வதைக் கேள்.

ஜெயித்துவிட்டேன்டி! நாம் படித்த, இப்போது நான் நூலகராக இருக்கும் பல்கலைக்கழகத்தில் பாடப்புத்தகமும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள். அதில் ஒன்று எப்போதும் படிப்பறையை விட்டு வெளியே போகாது.

நம் காலம் நினைவிருக்கிறதா? பாடப்புத்தகத்தை மாணவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இதே நூலகம் கைவிரித்துவிட்டது. யாரோ ஓர் ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன கரிம வேதியியல் புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. நான் சித்தேரி பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று, அதை நீ பட்டுப்புழு வளர்ப்புப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாய். அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப்பார்க்காது.

நம் வகுப்பு மாதம்மாள் ஒரு வாரம் அதைத் தேடினாள். நம்மிடமே வந்து கேட்டாள். நீ "தெரியாதுடி" என்றாய், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தாளில் அவள் தேறவில்லை.

நீ கண்ணை மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னாய். "மாதம்மா மொகம் கண்ணுலயே நிக்குதுடி. நீ அங்கதான இருக்க, ஏதாச்சும் பண்ணு."

போன ஆண்டு நூலகக் கணக்கெடுப்பில், யார் யாரோ கொடுத்துவிட்டுப் போய், தப்பான வரிசைகளில் ஒளிந்துகிடந்த பாடப்புத்தகங்களையெல்லாம் கூடையில் அள்ளிப்போய் நூலகக் குழுவின் மேசையில் கொட்டினேன்.

"சிலபஸ் மாறுனா எல்லாம் வீணாப் போயிருங்கம்மா," என்றார் குழுத் தலைவர்.

"சார், இத ஒளிச்சு வெச்ச புள்ளைங்க திருடங்க இல்லீங்க. ஒண்ணுதான் இருக்குதுன்னா என்னாங்க பண்ணும்? நானும் ஒளிச்சவதாங்க!"

அவர் முழித்த முழி இருக்கிறதே, நீ பார்த்திருக்க வேண்டும். மாதம்மாள் கதையையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. அந்தக் குவியலிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, என் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

புத்தகங்கள் வந்து ஒரு பருவம் முடிந்துவிட்டது. நேற்று பட்டுப்புழு வரிசைக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். தூசிதான் வந்தது. வெறும் தூசியைப் பார்த்து யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா?

மாதம்மாள் இப்போது அதியமான்கோட்டையில் இருக்கிறாளாம். வருகிற ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் தேடிய புத்தகம் எங்கே இருந்தது என்று நம் இருவருக்காகவும் நானே சொல்லிவிடுகிறேன். இந்த முறை தலையைக் குனியமாட்டேன். அவள் திட்டினால், உன் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

உன் மகளுக்குப் பெரியம்மா,
வசந்தி