வீட்டுக் கத்தி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

என் பெண் குட்டிம்மாவைக் கொன்ற அவள் புருஷனுக்கு நீதிபதி தண்டனை சொன்னது இன்னும் காதைக் குடைகிறது. கத்தியை வெளியிலிருந்து கொண்டு வந்திருந்தால் கூடுதல் வருடமாம். சமையலறைக் கத்தி என்பதால் குறைவாம். அவள் கத்தி, அவள் வீடு, அதனால் அவள் உயிர் மலிவா?

'வீட்டுக் கத்திக்கும் அதே தண்டனை வேண்டும்' என்று மனு எழுதி, தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்குகிறேன். "அளவு குடுக்க வந்தா கையெழுத்து கேக்கறீங்களே!" என்றாள் ஒருத்தி. போட்டுவிட்டுத்தான் போனாள்.

சட்டத்தைத் திருத்தும் கமிட்டியில் நீ இருக்கிறாய். இதை அப்படியே சேர்த்துவிடு. வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மனுவைப் படித்தேன். உன் கோபம் நியாயம். ஆனால் அப்படியே சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

நேற்று சிறையிலிருந்து ஒரு பெண்ணைக் கமிட்டி முன் அழைத்து வந்தார்கள். வருடக்கணக்கில் புருஷனிடம் அடி வாங்கியவள். ஒருநாள் அடித்துவிட்டுத் திரும்பியவனைச் சமையலறைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டாள். "வேற என்ன சார் இருந்தது என் கையில?" என்றாள். உன் வரி சட்டமானால் இவளைப் போன்றவர்களுக்கும் வருடம் கூடும்.

கோபித்துக்கொள்ளாதே அக்கா.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

நீ குட்டிம்மாவின் மாமாவாக எழுதினாயா, கமிட்டிக்காரனாக எழுதினாயா? யாரோ ஒருத்திக்காக நம் பெண்ணை விட்டுக்கொடுக்கிறாய். பதில் வேண்டாம். மனுவோடு நானே கமிட்டி முன் வந்து நிற்கிறேன்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கடிதத்தைப் போட்டதிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அந்தச் சிறைப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

இன்று காய் நறுக்கக் கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு அது குட்டிம்மா கைக்கு முதலில் எட்டியிருந்தால்? அவன் செத்திருப்பான். அவள் சிறையில் இருந்திருப்பாள், உயிரோடு. வாரா வாரம் போய்ப் பார்த்திருப்பேன். அவளுக்கு வருடத்தைக் கூட்டுங்கள் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியிருப்பேனா?

மனுவைக் கிழிக்கவில்லை. அவனைப் போன்றவர்களுக்கான வரியில் ஓர் எழுத்தும் குறைக்காதே. அடி தாங்காமல் கத்தி எடுத்தவளை அவனோடு சேர்க்கக் கூடாது என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்பு. எனக்குச் சட்ட பாஷை வராது. கையெழுத்துப் போட்டவர்களிடமெல்லாம் மறுபடி போகிறேன். திட்டினால் திட்டட்டும்.

அந்த வரியைக் கமிட்டிக்காரனாக எழுதாதே. குட்டிம்மா சிறைக்குள்ளே இருக்கிறாள் என்று நினைத்து எழுது.

உன் அக்கா