எந்த விசாவில் வருவது, மீரிம்?

அன்பு மீரிமுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் எழுதினால் உன் அம்மா, அதாவது என் மாமியார், தோளுக்குப் பின்னால் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறார். இங்கே கரகோலில் எல்லோரும் சௌக்கியம். லைப்சிக்கில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன், போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பைப் பார்க்கும்வரை. நீ அண்ணன் என்று கூப்பிடும் உன் அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, ஆனால் முனகல் விடவில்லை.

உன் பட்டமளிப்புக்கு வர விசா எடுக்கலாமென்று தலைநகர் பிஷ்கேக் வரை போயிருந்தேன். அங்கே ஏஜென்சியில் ஒரு சின்னப் பெண், எதுக்குப் போறீங்க அக்கா என்றாள். மகள் பட்டம் வாங்குகிறாள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டுமே. உன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இதுல அம்மா பேரு சபீரான்னு இருக்கே, அப்ப நீங்க யாரு என்றாள். முதல் குழந்தையைத் தங்கள் பிள்ளையாகவே வளர்க்கட்டும் என்று தாத்தா பாட்டி மடியில் போடுவது நம் வழக்கம், போட்டோம், சரி. மாமனார் அதோடு நிற்காமல் மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போய் உன்னைத் தன் மகளாகவே எழுதிவிட்டு வருவார் என்று காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எங்க வீட்லயும் இதே கூத்துதான் அக்கா, எங்க பெரியண்ணன் பேப்பர்ல எங்கப்பாவுக்கே தம்பி, ஆனா ஜெர்மன்காரனுக்கு இதை எப்படி விளக்குறது என்றாள்.

ஆக, அம்மா என்று விசா கேட்கும் தகுதி உன் சபீரா அம்மாவுக்குத்தான். கேட்டதிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேப்பர்ல நான்தான்டி அம்மா, நான் போறேன், நீ வேணும்னா பை தூக்க வா என்கிறார். உனக்காகக் குதிரைக்கறித் தொத்திறைச்சி கூடக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றேன், பிடுங்கட்டும், ஒரு துண்டு தின்னு பாத்தான்னா நம்ம கூடவே ஊருக்கு வந்துருவான் என்கிறார். ஆனால் மூட்டுவலியில் பிஷ்கேக் வேனிலேயே அவரால் ஏற முடியாது, அது அவருக்கும் தெரியும்.

உன் அப்பா, பேசாம சுற்றுலா விசாவுல போயேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க என்கிறார். ஹோட்டலில் தங்குவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உன் அறையில் பாய் விரிக்க வேண்டும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் போக, நான் என்ன மணிக்கூண்டு பார்க்கவா அவ்வளவு தூரம் வருகிறேன்?

மிச்சம் இருப்பது, உறவினரைப் பார்க்கப் போகும் விசா. அதற்கு நீதான் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், அதில் நான் உனக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். அம்மா என்று எழுதினால் விளக்கம், சாட்சி, நோட்டரி முத்திரை எல்லாம் கேட்பார்களாம், ஒருமுறை மறுத்துவிட்டால் பட்டமளிப்புக்குள் இன்னொரு முறை கேட்க நேரமிருக்காதாம். அண்ணின்னு எழுதிட்டா காகிதம் ஒத்துப்போகும் என்றாள் அந்தப் பெண். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாய், நானும் ஒரு தடவைகூட திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். அண்ணி என்றே எழுது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பட்டம் வாங்கியபின் போட்டோ எடுக்கும்போது, பக்கத்தில் நிற்பது யார் என்று உன் தோழிகள் கேட்பார்கள் இல்லையா, அங்கே காகிதம் கேட்க யாரும் இல்லை. அதற்கு என்ன சொல்வாய் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வைத்துக்கொள். அக்கா என்று சொல்லிவிடாதே, நம்பிவிடுவார்கள், அப்புறம் வீட்டில் இன்னொரு உறவுக் குழப்பம் தாங்காது.

நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும். காலையில் வெறும் காபியோடு ஓடாதே, தலைக்குத் தொப்பி போடு. அழைப்புக் கடிதத்தில் என் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன்
நஸ்குல்